‘தி ரெட் ஷூஸ்’ 4கே டிஸ்க்: வாங்கலாமா?

பழைய பிரிட்டிஷ் படங்களுக்குள் நுழைய பவல்–பிரஸ்பர்கர் இயக்குநர் இணையின் பாலே நடனப் படமான ‘தி ரெட் ஷூஸ்’ (1948) நல்ல வாசல். கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட 4கே டிஸ்க்கில் பார்ப்பதே சரி.

அந்தக் கால வண்ணப்பட முறையான டெக்னிகலரின் கேமரா ஒரே காட்சியை, சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாக, மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களில் பதிவுசெய்தது. அவை சுருங்கிப் பூஞ்சை பிடித்து, ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதால் விளிம்புகளில் வண்ணம் பிதுங்கியது. 2009 மறுசீரமைப்பில் மூன்றையும் ஸ்கேன் செய்து டிஜிட்டலில் பொருத்தினார்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபின் சிவப்பு இப்போது கொதிக்கிறது. பாலே காட்சிக்கே காசு தகும்.

4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு (குறிப்பிட்ட நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும் கட்டுப்பாடு) இல்லை. கூட வரும் புளூ-ரே ரீஜன் ஏ. இந்திய ரீஜன் சி பிளேயரில் ஓடாது. படத்தின் அகல-உயர விகிதம் 1.37:1, அகலமான டிவியில் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். இழுத்து நிரப்பினால் நடனக்காரர்கள் குண்டாகிவிடுவார்கள்! டிவியில் அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள்.