மேடைப் பேச்சு பழக: கிளப்பா, வகுப்பா, வாசகர் வட்டமா?

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்கிறவனுக்கு மேடைப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பெட்டி வைத்து, தேன் எடுத்து, குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தவரை எனக்கும் அது தேவைப்படவில்லை. புதிதாகப் பெட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த என்னைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் நாற்பது பேர். மைக் கைக்கு வந்தது, ஒரு மணி நேரத்துக்கு என்று வைத்திருந்ததை ஏழு நிமிடத்தில் கொட்டி முடித்துவிட்டேன். மீதி நேரம் பெட்டியைத் திறந்து காட்டியே சமாளித்தேன். தேனீ கொட்டினால்கூட அப்படி வியர்த்ததில்லை.

அதன்பிறகு ஒன்றரை வருடத்தில் மூன்று இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றையும் எடைபோட நான் வைத்துக்கொண்டவை இரண்டே கேள்விகள். மாதத்துக்கு எத்தனை முறை எனக்கு வாய்ப்பு வரும்? பேசி முடித்ததும் எது சரியில்லை என்று யாராவது சொல்வார்களா?

முதலில் போனது நாகர்கோவிலில் காசு கட்டிப் படிக்கும் ஒரு ஆளுமைப் பயிற்சி வகுப்பு. பன்னிரண்டு நாள், ஆறாயிரம் ரூபாய். நின்ற நிலை, கை அசைவு, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பது என்று ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டேன். பாடம் நடத்தியவர் அருமையாகப் பேசினார். சிக்கலே அதுதான். அவர் பேசினார், நாங்கள் முப்பது பேரும் கேட்டோம். பன்னிரண்டு நாளில் எனக்கு மேடை கிடைத்தது இரண்டு முறை. இரண்டு முறையும் கைதட்டல், கடைசியில் சான்றிதழ். நேர்முகத் தேர்வுக்கு அவசரமாகத் தயாராகும் பிள்ளைகளுக்கு இது உதவலாம். எனக்கு அந்தச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது, நடுக்கம் அப்படியே இருந்தது.

அப்புறம் டோஸ்ட்மாஸ்டர்ஸ், உறுப்பினர்களே ஒருவர் முன் ஒருவர் பேசிப் பழகும் கிளப்புகளின் உலக அமைப்பு. மார்த்தாண்டத்தில் இருப்பவனுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். சரக்கு போடத் திருவனந்தபுரம் போகிற நாளில் அங்கே ஒரு கிளப் கூடுவதாகத் தெரிந்தது, விருந்தினராகப் போய் உட்கார்ந்தேன். 1924 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சாண்டா அனாவில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது இது. எங்களூரில் தேனீ வளர்ப்பைப் பரப்பியதும் அதே 1920-களில் ஒய்எம்சிஏ-தான். அதனாலோ என்னவோ, உள்ளே போனதும் கொஞ்சம் சொந்தமாகத் தோன்றியது.

அங்கே ஆசிரியர் என்று யாரும் இல்லை. ஒருவர் நேரம் பார்க்கிறார், ஒருவர் மொழிப் பிழை கவனிக்கிறார், இன்னொருவர் நாம் எத்தனை முறை ‘ஆ... ம்...’ என்று இழுக்கிறோம் என்று எண்ணுகிறார். தயாரித்த உரைகள் ஒரு பக்கம் இருக்க, அந்த நிமிடமே தலைப்பு கொடுத்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் சுற்று ஒன்றும் உண்டு. உரை இல்லாத நாளிலும் இந்தச் சுற்றிலோ, நேரக் கணக்கு சொல்லவோ, எப்படியும் எழுந்து வாயைத் திறந்தாக வேண்டும். என் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் என் முதல் உரையில் வந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் உரை, நான்கு முதல் ஆறு நிமிடம். நான்கில் பச்சை அட்டை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. நான் வணக்கம் சொல்லி, ஊரைச் சொல்லி, அப்பா பெட்டி வைத்த கதையைச் சொல்லி வருவதற்குள் மஞ்சள் ஏறிவிட்டது. அவசரமாகக் கடைசியில் ஒன்று சொன்னேன்: எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் விடும் பருவத்தில் இலைக் காம்பு நுனியில் கசியும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அரை மயக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சிவப்பு வந்துவிட்டது.

மதிப்பீடு செய்தவர் ஒரு கல்லூரிப் பெண், என் மகள் வயது இருக்கும். எழுந்து வந்து சொன்னார்: “அங்கிள், உங்க பேச்சு அஞ்சாவது நிமிஷத்துலதான் தொடங்கிச்சு. அடுத்த தடவை அந்த இலைக் காம்புல இருந்து தொடங்குங்க.” பிறகு இழுப்புக் கணக்கு வாசித்தார்கள், எனக்கு இருபத்துமூன்று. அந்த ஆறாயிரம் ரூபாய் வகுப்பில் எழுதிய நோட்டில் எங்கே தேடினாலும் இந்த ஒரு வரி கிடைக்காது.

குறை இல்லாமல் இல்லை. 2023 அக்டோபர் முதல் ஆறு மாதச் சந்தா 60 டாலர், புதிதாகச் சேர்கிறவர் கூடுதலாக 20 டாலர் கட்ட வேண்டும். நம் காசில் ஆறு மாதத்துக்கு ஐயாயிரம் பக்கம் வருகிறது, பஸ் காசு தனி. நான் போன கிளப்பில் எல்லாம் ஆங்கிலம். தமிழில் நடத்தும் கிளப்புகளும் உலகத்தில் உண்டு, இணையவழியில் கூடுகிறவையும் உண்டு. ஆனால் கேமரா முன் உட்கார்ந்து பேசிப் பழகினால் கால் நடுக்கம் போகாது. ஆங்கிலத்தில் தடுமாறினால் மொழிமேல் பழி போட்டுவிடலாம். தமிழில் தடுமாறும்போது அந்தச் சாக்கும் இல்லை, என் பயம் அங்கேதான் இருந்தது.

ஜேசிஐ என்ற இளைஞர் அமைப்பும் பேச்சுப் பயிற்சி தருகிறது என்றார் நண்பர். அது 18 முதல் 40 வயதுக்காரர்களுக்கு. எனக்கு நாற்பத்துமூன்று, பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாவது, நூலக வாசகர் வட்டம். செலவு கிடையாது, பேச்சு தமிழில். நம் குமரி மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா எந்த வகுப்பிலும் சேர்ந்து பேச்சாளர் ஆகவில்லை, கூட்டம் கூட்டமாகப் பேசித்தான் ஆனார். இங்கே சர்ச் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேடைக் கூச்சம் குறைவாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். ஐந்து வயதில் ஞாயிறு பள்ளியில் நிறுத்தி வசனம் சொல்ல வைத்துவிடுகிறார்களே!

வட்டத்தில் கேட்பவர்கள் நிஜமானவர்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து கேட்கும் கேள்விக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. “மக்களே, பையப் பேசு, ஓட்டப் பந்தயமா?” என்று நான் பேசும்போதே ஒருமுறை சத்தம் போட்டார். நம் ஊர்ப் பேச்சு வாயில் வந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதும் பெரிய விஷயம். ஆனால் சிறப்புரைக்காரர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார், சிவப்பு அட்டை காட்ட ஆள் இல்லை. எனக்கு வாய்ப்பு வர மூன்று மாதம் ஆகும். முடிந்ததும் அந்த ஆசிரியரைத் தவிர எல்லோரும் “நல்லா இருந்து” என்று சொல்லி டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

காசும் தூரமும் ஒத்துவந்தால் கிளப்புக்குத்தான் என் ஓட்டு, ஆறு மாதமாவது. வகுப்பை விட்டுவிடலாம். வாசகர் வட்டத்தைக் கிளப்புக்குப் பதிலாக வைக்காமல், கிளப்பில் பழகியதைச் சோதிக்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். கிளப் எட்டாதவர்கள் வட்டத்திலேயே நாலு பேர் சேர்ந்து, கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்கிக் கைபேசியில் நேரம் வைத்து ஒருவர் குறையை ஒருவர் சொன்னால் போதும். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சோதித்துப் பார்க்க இலவச மேடை இன்னொன்றும் உண்டு: கிராம சபை. வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் நவம்பர் 1-ம் ஒன்று, 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே நாள். போன நவம்பரில் எங்கள் ஊராட்சிக் கூட்டத்தில், வாய்க்கால் கரையில் மருந்தடிப்பதால் பெட்டிகள் காலியாவதைப் பற்றி எழுந்து பேசினேன். வணக்கத்தை விட்டுவிட்டு, செத்த தேனீக்களை ஒரு தாளில் கொட்டிக் காட்டித் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் முடித்தேன். யாரும் கைதட்டவில்லை. தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.