அம்மாவின் தட்டில் மீன் துண்டு: உணவு பிரிண்டரோடு 14 மாதம்

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவால் சரியாக விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஸ்பீச் தெரபிஸ்ட் சீட்டில் எழுதித் தந்தது 'லெவல் 4'. விழுங்கச் சிரமப்படுபவர்களின் உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்பதற்கான ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல் 0 முதல் 7 வரை போகிறது. அதில் 4 என்றால் கட்டி இல்லாமல், மெல்லத் தேவையில்லாத மசியல். கேரட், கீரை, மீன் எல்லாம் மிக்ஸியில் ஓடிக் கிண்ணத்துக்கு வந்தன. மூன்றாம் வாரம் அம்மா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். "இது சாப்பாடா, சுவத்துக்குப் பூசுறதா?"

இங்கே சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூ டெக் புவாட் மருத்துவமனையும் வேறு சிலரும் சேர்ந்து, ஃபிரெஷ் காய்கறிகளில் இருந்தே, மசியலை வடிவமாக வரையும் 3டி பிரிண்டருக்கான 'உணவு மை' செய்திருந்தார்கள். 2021-இல் வந்த அந்தச் செய்தி நினைவில் இருந்தது. என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் கொடுத்து அப்படி ஒரு பிரிண்டர் மெஷின் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

முதலில் ஒன்று: இது சமைக்காது. முறுக்கு உழக்கில் மாவை அழுத்துவது போல, குழலில் நாம் நிரப்பிய மசியலைப் பிழிந்து அடுக்கடுக்காக வரையும், அவ்வளவுதான். வேகவைப்பது, அரைப்பது, சல்லடையில் தேய்த்து வடிப்பது எல்லாம் நம் தலையில். தாளிப்புகூட எண்ணெயை வடித்து மட்டும்தான் சேர்க்க முடியும். முருங்கைக்கீரையை வடிக்காமல் போட்ட அன்று மெல்லிய முனையில் நார் அடைத்துக்கொண்டது. மோட்டார் முனகியது, அப்புறம் மொத்தமும் ஒரே பீச்சாகத் தட்டில் விழுந்தது.

பட்டாணிதான் சமர்த்து. மாவுச்சத்து இருப்பதால் எதுவும் சேர்க்காமலே வடிவம் நிற்கிறது. கேரட்டுக்குக் கொஞ்சம் சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொடி வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் அழகுப் பிரச்சினை இல்லை, புரையேற வைக்கும். சோறு கடைசிவரை கைகூடவில்லை. அரைத்தால் பசை. தொண்டையில் ஒட்டும் என்று தெரபிஸ்ட் ஒரே பார்வையில் வேண்டாம் என்றுவிட்டார். சோறு இல்லாத தட்டுக்கு அம்மா இன்னும் பழகவில்லை.

ஒரு தட்டு வரைய 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஆறிவிடும். முதல் தடவை ஆவியில் சூடுபடுத்தினேன். கேரட் பூ, மழையில் நனைந்த கோலம் மாதிரி ஆயிற்று. இப்போது சூடாக்கிய பிறகு மறுபடியும் சோதிக்கிறேன். முள்கரண்டியில் எடுத்தால் குவியலாக நிற்க வேண்டும், இடுக்கு வழியே ஒழுகக் கூடாது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக விழ வேண்டும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் லெவலை முடிவு செய்வது இந்தக் கரண்டிதான்.

மெஷினோடு வந்த டிசைன்கள் இதயம், நட்சத்திரம், கரடிக்குட்டி. 72 வயதுக்காரருக்குக் கரடிக்குட்டி! நானே உட்கார்ந்து, நடுமுள் தெரிகிற மாதிரி ஒரு வஞ்சிரத் துண்டு வரைந்தேன். மீன் மசியல், வடித்த குழம்பு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பூனால் நடுவில் மெல்லக் கிளறினார், முள் தேடி. அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முழுத் துண்டையும் முடித்தார்.

ஆனாலும் தினமும் முடியவில்லை. கழுவுவதற்கே அரைமணி நேரம். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் விசேஷ நாளும்தான் பிரிண்டர், மற்ற நாட்களில் சிலிக்கோன் அச்சு. இட்லி வடிவத்துக்கோ இட்லித்தட்டே போதும், அதைப் பிரிண்டரில் வரைந்த என் புத்திசாலித்தனத்தை மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். வாங்க நினைப்பவர்கள் முதலில் நல்ல சல்லடையும் நாலு அச்சும் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறமும் ஆசை இருந்தால், கடைக்காரரிடம் குழலின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். என்னுடையது இரண்டு முறை தேய்ந்துவிட்டது.