ஐந்து வருஷம் இணையத்தில் ஒதுங்கி இருந்து பார்த்ததில்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய விதிமுறைக்குச் சம்மதம் கேட்டபோது என் சொந்தத் தகவல்கள் கண்டவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் இந்த முயற்சி ரோஷத்தில் ஆரம்பித்தது. அன்று ராத்திரியே, வாட்ஸ்அப்புக்குப் பதிலாக சிக்னல் என்ற செய்திச் செயலியை ஏற்றினேன். வாரக் கடைசிக்குள் குரோமுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ் உலாவி, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்க பிட்வார்டன், நான் எந்தத் தளத்துக்குப் போகிறேன் என்பதை இணைய இணைப்புக் கொடுப்பவரிடமிருந்து மறைக்கக் காசு கட்டி ஒரு விபிஎன்.

சிக்னல் தோற்றது. செயலியில் குறையில்லை, ஆள்தான் இல்லை. அத்தைக்கு ஏற்றிக் கொடுத்தேன், "இதுல உன்னை விட்டா யாருடா இருக்கா?" என்றார். நாலு மாதம் வாட்ஸ்அப் இல்லாமல் இருந்தேன். மகளின் வீட்டுப்பாடம் பள்ளிக் குழுவில் வர ஆரம்பித்ததும் ரோஷம் போயிற்று. விபிஎன் முதல் வருஷச் சந்தாவோடு சரி. நான் போகும் தளங்களை இணைய இணைப்புக் கொடுப்பவருக்குப் பதிலாக விபிஎன்காரர் பார்ப்பார், அதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

பிட்வார்டன் இன்றும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸும் அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியும்கூட. குரோமில் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஃபயர்பாக்ஸில் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. அந்தரங்கம் கிடக்கட்டும், செய்தித் தளங்கள் விளம்பரம் துள்ளாமல் திறப்பதற்கே வைத்துக்கொள்ளலாம்.

செலவே இல்லாத வேலைகள்தான் அதிகம் பலித்தன. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் அதே பெட்டிக்குத்தான் வரும். ஒரு செருப்புக்கடையில் 'செருப்பு' என்று சேர்த்துக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அதே முகவரிக்கு, தனிநபர் கடன் வேண்டுமா என்று கடிதம்! விற்றார்களோ, கோட்டை விட்டார்களோ. அதன்பின் கடைகளில் போன் நம்பரும் கொடுப்பதில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையே 2023இல் சொல்லிவிட்டது. "நம்பர் இல்லாம பில் வராது சார்" என்பார்கள். இரண்டு நிமிஷம் நின்றால் வந்துவிடும்.

ஆதாரில் நம் கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டி வைக்கலாம், அந்தப் பூட்டு தனிக் கதை. பத்திரப்பதிவு ஆவணத்திலிருந்து ரேகையைப் பிரதி எடுத்து, ஓடிபி இல்லாமலே கணக்கில் பணம் உருவிய வழக்குகளைப் படித்துவிட்டு, எம்ஆதார் செயலியில் பூட்டினேன். பூட்டியதை மறந்தும் போனேன். ரேஷன் கடையில் ரேகை விழவில்லை. "தலையில தேய்ச்சுட்டு வைங்க சார்" என்றார் கடைக்காரர். தேய்த்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஈரத்துணி, மறுபடி தலை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அரை மணி கழித்துத்தான் பூட்டு ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை, ஓரமாகப் போய்த் திறந்துவிட்டு வந்தேன். இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன், சர்க்கரை வாங்கும் நாள் தவிர.

உழைப்புக்குத் தகுமா என்றால், பாதிக்கு மேல் வீண், மீதியை விடமாட்டேன். ஆனால் போன வாரம் கிரெடிட் கார்டு விற்க அழைத்த பெண் "குண்டு மாமாவா பேசறது?" என்று கேட்டார். மச்சான் போனில் என் நம்பர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அழைப்பவர் பெயர் காட்டும் செயலி ஒன்றுக்குத் தன் தொடர்புப் பட்டியலை மொத்தமாக அள்ளிக் கொடுத்திருக்கிறான். கேட்டால், "உங்க பேரைத்தானே மாமா குடுத்தேன், சொத்தையா எழுதிக் குடுத்தேன்?" என்கிறான்.