ஃபைபர் படகு டெக்கில் விடாப்பிடிக் கறைகள்: பல வருடப் பராமரிப்பில் பலன் தந்தவை, தராதவை

ஒரே ஃபைபர்கிளாஸ் படகைப் பல வருடமாக வைத்துப் பராமரித்து வருகிறேன். படகின் மேல்தளமான டெக்கில் படியும் கறைக்கு என்று விற்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எந்தக் கறை என்று தெரிந்துகொண்டு அதற்கான மருந்தைப் போட்டால் பலமாகத் தேய்க்கவே வேண்டியதில்லை. தெரியாமல் கையில் கிடைத்ததை ஊற்றித் தேய்த்தால் கறையும் போகாது, டெக்கும் பாழாகும். இந்தப் பகிர்வு முழுவதற்கும் அடிப்படை அதுதான்.

தேய்ப்பதற்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், டெக்கில் நாம் பார்க்கும் வெள்ளைப் பரப்பு ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் பிசின் அது. தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே கண்ணாடி இழை. உப்புத்தாள், பளபளப்பாக்கும் காம்பவுண்டு, உராயும் பவுடர் என்று எதைப் போட்டாலும் அந்த அரை மில்லிமீட்டரில்தான் கை வைக்கிறோம். தேய்ந்தது திரும்ப வளராது. வெயில் பட்டுப்பட்டு மேல்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போல ஆகிவிடும். விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டும். அந்த நிலைக்கு வந்த ஜெல்கோட்டில் நுண்துளைகள் திறந்துகொள்வதால், புதிய டெக்கில் துடைத்தாலே போகிற கறை அதில் உள்ளே இறங்கிவிடும். கால் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாக வார்த்திருக்கும் பகுதியில் சிக்கல் இன்னும் அதிகம். மேடுகள் தேய்ந்துகொண்டே போகும், அழுக்கு பள்ளத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

முதலில் துரு. என் அனுபவத்தில் அதிகம் படுத்துவதும், சரியான மருந்து கிடைத்தால் அதிகம் ஆச்சரியப்படுத்துவதும் இதுதான். கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டு, கயிறு கட்டும் கிளீட், ஸ்க்ரூ தலை, நங்கூரச் சங்கிலி கிடக்கும் முன்பகுதி (அணியம்), இங்கெல்லாம் ஆரஞ்சு நிறக் கோடு இறங்கும். சோப்பு போட்டு நாள் முழுக்கத் தேய்த்தாலும் அசையாது. இதற்கு ஆக்சாலிக் ஆசிட்தான். துருவில் இருக்கும் இரும்பைப் பிடித்து, நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். உராய்வே தேவையில்லை. டேவிஸ் எஃப்.எஸ்.ஆர். போன்ற துரு நீக்கும் ஜெல்களில் வேலை செய்வது இதுதான். பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட் பவுடரிலும் இருப்பது இதே ஆசிட், ஆனால் அதில் உராயும் பொடியும் கலந்திருப்பதால் குழைத்துப் பூசி விட்டுவிடுவேன், அழுத்தித் தேய்க்க மாட்டேன்.

சரிவான இடத்துக்கு ஜெல் நல்லது, வழியாமல் நிற்கும். சமதளத்துக்குத் தூளாகக் கிடைக்கும் ஆக்சாலிக் ஆசிட்டே போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் வரை கரைத்து, பழைய துணியை நனைத்துக் கறை மேல் போட்டு 10 நிமிடம் விடுவேன். துணியைத் தூக்கிப் பார்த்தால் ஆரஞ்சு நிறம் மஞ்சளாக வெளிறியிருக்கும். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் ஓரத்திலிருந்து உள்நோக்கி மறைந்துகொண்டே வரும். காயவிடக் கூடாது, அதனால் நிழலில் அல்லது வெயில் ஏறுவதற்கு முன் செய்வது நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தூளைக் கரைக்கும்போது காற்றடிக்கும் பக்கம் முகத்தைக் காட்டாதீர்கள். உள்ளே போனால் விஷம் இது.

அப்புறம் ஒரு நுணுக்கம், டப்பாவில் எழுதியிருக்காது. ஆக்சாலிக் ஆசிட் போட்ட இடத்தை உப்புத் தண்ணீரிலோ கடினத் தண்ணீரிலோ அரைகுறையாக அலசினால், அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். கரையாத படலம் அது. கறை போன இடத்தில் மங்கலாக வெள்ளை பூத்தது போலத் தெரிந்தால் காரணம் அனேகமாக இதுதான். முதலில் ஈரத்துணியால் ஆசிட்டை ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவதுதான் வழி.

துருவை எடுப்பது சுலபம், திரும்ப வராமல் பார்ப்பதுதான் வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். அடித்தட்டுக்குக் கீழே, ஸ்க்ரூ மரைக்குள் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல் இருந்தால் அங்கே அரிப்பு தொடங்கிவிடும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரக ஸ்டெயின்லெஸ், 304 ரகத்தை விட நன்றாகத் தாங்குகிறது என்பது கண்கூடு. அதனால் துரு விடும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக 316க்கு மாற்றினேன். மாற்றிய இடங்களில் கறை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்த கிளீனர்களை டெக் பக்கமே கொண்டுவராதீர்கள். அந்த நேரத்துக்குக் கறை பளிச்சென்று போகும், ஆனால் குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸின் படலத்தை அரித்துவிடுவதால் அதே இடத்தில் துரு முன்பை விட வேகமாக வரும்.

இரும்புக் கம்பிப் பஞ்சால் டெக்கைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. உடைந்த நுனிகள் சொரசொரப்புக்குள் சிக்கி, அடுத்த ஈரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். படகின் மேல் வைத்து இரும்பையோ ஸ்டீலையோ கிரைண்டரில் அறுத்தாலும் இதே கதை. தீப்பொறியாகத் தெறிப்பது சூடான உலோகத் துகள். ஜெல்கோட்டில் குத்தி ஒட்டிக்கொண்டு, சில நாளில் டெக் முழுக்க ஆரஞ்சுப் பொட்டு வைத்துவிடும். கிரைண்டர் வேலை என்றால் பொருளைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். முடியாவிட்டால் ஈரச் சாக்கை விரித்து மூடிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து பூஞ்சை. கறுப்பு, சில சமயம் கரும்பச்சைப் புள்ளிகளாக, நிழல் விழும் மூலைகளிலும் ஹாட்ச் (டெக்கில் உள்ள மூடித் திறப்பு) ஓரத்திலும் வரும். துணி துவைக்கும் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு சேர்த்துத் தடவி, சில நிமிடத்தில் அலசினால் போய்விடும். ஆனால் பிளீச் மெத்தைத் தையல் நூலை இற்றுப்போகச் செய்யும், உலோகத்துக்கும் ஆகாது. அதனால் 3% ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறிவிட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும், பாதிப்பு குறைவு. பிளீச்சைத் துருக் கறையில் போட்டால் நிலைமை மோசமாகும். அது இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து கறையை இறுக வைத்துவிடும். கறுப்புப் புள்ளிகளும் ஆரஞ்சுக் கோடும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் எடுக்க முயல வேண்டாம். பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அமோனியா உள்ள கிளீனரோடு கலந்தாலும் நச்சு வாயுதான். டெக்கின் மூடிய மூலையிலோ உள்ளறையிலோ இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் போட்டு, நன்றாக அலசி, காயவிட்டு, மறுநாள் அடுத்ததைப் போடுங்கள்.

மீன் ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், அதுவும் உடனே. வெந்நீர் ஊற்றினால் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்து பழுப்பாகிவிட்டால் அதே பெராக்சைடை ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு மேலே வரும், பிரஷ்ஷால் கிளறி அலசினால் சரி. பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவிட்டாலே போதும். டீசல், எஞ்சின் ஆயில் சிந்தினால் முதலில் ஒற்றி எடுத்துவிட்டு கிரீஸ் நீக்கும் சோப்பு போடுங்கள். தின்னரை ஊற்றினால் எண்ணெய் இளகி நுண்துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். கறுப்பு ஷூ தேய்த்த கோடுகளுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி. அதுக்கும் போகாவிட்டால் மெலமின் ஸ்பாஞ்ச். பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் அது மிக நுண்ணிய உப்புத்தாள் வேலையைத்தான் செய்கிறது. பளபளப்பான பகுதியில் போட்டால் மெழுகும் சேர்ந்து போய்விடும் என்பதால் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருக்கிறேன்.

சன்ஸ்கிரீன் கறையைப் பலர் அடையாளமே கண்டுகொள்வதில்லை. கையை ஊன்றும் இடங்களில் மஞ்சளாகத் திட்டு விழும். சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆவோபென்ஸோன், தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து துரு போன்ற நிறம் தரும். அன்றைக்கே சோப்பு போட்டால் போய்விடும், பழைய கறையாகிவிட்டால் ஆக்சாலிக் ஆசிட்தான் கை கொடுக்கும்.

எதற்குமே மசியாத ஒரு கறை உண்டு, அது ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட் விடும் கறை. மிருதுவாக இருக்க அதில் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் கசிந்து ஜெல்கோட்டுக்குள்ளேயே போய்விடும். மேட் கிடந்த அளவுக்குச் சதுரமாக, மஞ்சள் பழுப்பில் அச்சு விழுந்திருக்கும். பரப்பில் படிந்த கறை இல்லை என்பதால் எந்தக் கிளீனரும் அதைத் தொடுவதில்லை. டெக்கில் ரப்பர் மேட் விரிக்கவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. விரித்தே ஆக வேண்டுமென்றால் படகு நின்றதும் எடுத்துவிட வேண்டும்.

பிரஷ் விஷயத்தில் நடுத்தர விறைப்புள்ள நைலான் பிரஷ்தான் எனக்குச் சரிப்பட்டது. மென்மையான பிரஷ் மேடுகளின் மேலேயே மடங்கிப் போகிறது. பித்தளைக் கம்பி பிரஷ் மேட்டின் முனையை மழுக்குகிறது. சோப்பு நீரை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வட்டமாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும் போட்டால் பள்ளத்தில் இருப்பது வெளியே வரும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் ஜெல்கோட்டின் காற்றுக் குமிழிகள் உடைந்து குழியாகும், இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டும் பிய்ந்து வரும்.

தடுப்புக்கு வருவோம். ஒவ்வொரு முறை படகு திரும்பியதும் நல்ல தண்ணீரில் டெக்கை அலசுவது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை செய்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்புப் படிந்த டெக் முழுதாகக் காய்வதில்லை, அந்த ஈரத்தில்தான் துருவும் பூஞ்சையும் வளர்கின்றன. சொரசொரப்பான பகுதியில் சாதாரண மெழுகு போடவே கூடாது. கால் வழுக்கிக் கடலில் விழும் அபாயம் இருக்கிறது, பள்ளத்தில் தங்கும் மெழுகும் வெள்ளையாகக் காய்ந்து தனிக் கறையாகிவிடும். அங்கே வழுக்காத தளத்துக்கென்றே தயாரித்த பாலிமர் பூச்சுகளைத்தான் போடுகிறேன். ஸ்டார் பிரைட்டின் நான்-ஸ்கிட் டெக் கிளீனர் கழுவும்போதே மெல்லிய பாலிமர் படலத்தையும் விட்டுச் செல்லும். பழைய கறையை அது எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கறையை எடுத்த பிறகு தொடர்ந்து போட்டு வந்தால் அடுத்த கறை மேலோட்டமாகவே நிற்கிறது, அதன் பலன் அங்கேதான். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு வகைக் கறையை வெறுமனே சுத்தம் செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. கிளீட் அல்லது கம்பி அடித்தட்டின் ஓரத்திலிருந்து டீ டிகாஷன் நிறத்தில் கசிவு வந்தால், அது உலோகத் துரு மட்டுமாக இருக்காது. நிறைய டெக்குகளில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும். போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி அந்த மரம் ஊறி அழுக ஆரம்பித்ததன் நிறம் அது. சுற்றிலும் சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மந்தமாகக் கேட்கும். அந்தப் பொருத்தைக் கழற்றி, ஊறிய மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, துளையைப் பெரிதாக்கி எபாக்ஸிப் பிசினால் அடைத்து, அதன் நடுவே புதுத் துளை போட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். சீலன்ட்டாக நான் வைப்பது பியூட்டைல் டேப், அதாவது ஒட்டும் மென்மையான ரப்பர் பட்டை. சிலிகோன் சீலன்ட் வைத்த இடங்களில் எண்ணெய்ப் பிசுக்குப் படர்ந்து அழுக்கைச் சேர்த்துக் கறுப்பு வளையம் விழும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது. பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும் என்பதால் ஒரே மூச்சில் இறுக்காமல், ஓரிரு நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கீழேயிருந்து நட்டை மட்டும் திருப்ப வேண்டும். போல்ட் சுற்றினால் கழுத்தைச் சுற்றியிருக்கும் டேப் அறுந்து, தண்ணீர் மறுபடி அதே வழியில் இறங்கும்.