பரோசா ஷிராஸா, கூனவாரா கேபர்னேவா?

அடிலெய்டில் போன மாதம் வீட்டில் பார்பிக்யூ. ஒரு பரோசா ஷிராஸ், ஒரு கூனவாரா கேபர்னே சாவிஞான், இரண்டையும் வாங்கி வைத்தேன். ஷிராஸும் கேபர்னேயும் திராட்சை வகைகள், பரோசாவும் கூனவாராவும் அவை விளையும் ஊர்கள். இரண்டும் தெற்கு ஆஸ்திரேலியா, இரண்டும் கனமான சிவப்பு வைன். பரோசா வெயில் ஊர். பழத்தில் சர்க்கரை ஏறி ஆல்கஹால் 14.5, 15 சதவீதம் வரை போகும். கூனவாரா தென்கடல் காற்று படும் குளிர் நிலம், சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய செம்மண்.

சாப்பாடு வருமுன் ருசித்தபோது ஷிராஸ்தான் ஜெயித்தது. மை போன்ற கருநீலச் சிவப்பு, பிளம்ஸ், கொஞ்சம் சாக்லேட், வழுவழுவென்று இறங்கியது. கேபர்னேயில் கருந்திராட்சை வாசனையோடு புதினா. ஆனால் ஒரு மிடறிலேயே பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி ஈறு இழுத்தது. மைத்துனர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார்.

ஆட்டு விலா சாப்ஸ் வந்ததும் கதை மாறியது. உப்பும் ரோஸ்மேரியும் மட்டும்தான் மசாலா. ஓரத்துக் கொழுப்பு கருகி நெய் சொட்டியது. கேபர்னேயின் துவர்ப்புக்குக் காரணம் டேனின். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் வாயில் இருந்தால் அந்த வறட்சி அடங்கிவிடும். கொழுப்பை வழித்தெடுத்த மாதிரி நாக்கு சுத்தமாகி, அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போகிறது. ஷிராஸோ கொழுப்பின்மேல் ஜாம் தடவியது போல இருந்தது. இரண்டாவது கிளாஸில் திகட்டிவிட்டது. தள்ளி வைத்த மைத்துனர்தான் கேபர்னேயின் கடைசிச் சொட்டைக் குடித்தவர்.

மட்டன் சுக்காவும் இருந்தது. மிளகாய்க் காரத்தோடு இரண்டுமே சொதப்பல்: ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டியது, டேனின் கசந்தது. வெறும் மிளகு வறுவல் என்றால் ஷிராஸ் எடுபடலாம். மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் ஷிராஸிலும் உண்டு என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஆனால் அது குளிர்ப் பகுதி ஷிராஸில்தான் தூக்கல். அந்த ஜோடியை நான் ஒருமுறைதான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோடையில் இரண்டையும் அரை மணி ஃபிரிட்ஜில் வையுங்கள். 16 முதல் 18 டிகிரி போதும். இளம் கேபர்னேயை ஒரு மணி நேரம் முன்பே டிகேன்டரில் (வைனுக்குக் காற்றுப் பட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றிவிடலாம். பத்து வருடம் வைத்துத் திறக்கும் பொறுமை எனக்கு இருந்ததில்லை.

மிச்சமிருந்த அரை பாட்டில் ஷிராஸை மறுநாள் சாயங்காலம் சாப்பாடே இல்லாமல், பால்கனியில் உட்கார்ந்து முடித்தோம். அதற்கு அது நல்ல வைன். அடுத்த பார்பிக்யூவுக்கு இரண்டு கேபர்னே வாங்கியாயிற்று.