பழைய காரின் ஆயில் கசிவு: கார்க், ரப்பர், சிலிகான் பேக்கிங்குகளின் நீண்ட நாள் அனுபவம்

பழைய எஞ்சினில் ஆயில் கசிந்தால் எல்லோரும் முதலில் மாற்றுவது, இரண்டு பாகங்களின் இணைப்பில் வைக்கும் பேக்கிங்கைத்தான். புதிதாகப் போட்டும் சில மாதங்களில் அதே இடம் மீண்டும் நனைகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் பேக்கிங்கில் இருக்காது. எஞ்சினுக்குள் காற்றழுத்தம் தேங்கியிருக்கும், அல்லது பேக்கிங் உட்காரும் தகடு நெளிந்திருக்கும். 1950கள் முதல் 70கள் வரையிலான கார்களில் பல வகைப் பொருள்களைப் போட்டு நீண்ட காலம் ஓட்டியபின் எழுதும் கணிப்பு இது.

முதல் வேலை ப்ரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற இருக்கும் வழி இதுதான். அதன் குழாயிலும் கம்பி வலையிலும் ஆண்டுக்கணக்கில் கருங்களிம்பு படிந்து அடைத்துக்கொள்கிறது. வழி கிடைக்காத வாயு, ஆயிலையும் தள்ளிக்கொண்டு பலவீனமான சீல் வழியே வெளியேறும். சோதனை எளிது: எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை இறுகக் கவிழ்த்துப் பாருங்கள். லேசாகத் துடித்தால் கவலையில்லை. உப்பி விறைத்து நின்றால் ப்ரீதர் குழாய், வலை, மூடி மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து மறுபடி சோதியுங்கள். சில கார்களில் ஆயில் மூடியே காற்று வழி; சாதாரண மூடியை மாற்றிப் போட்டாலே கசிவு தொடங்கிவிடும். கழுவிய பின்னும் கையுறை உப்பினால் ரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) எவ்வளவு என்று பார்க்காமல் பேக்கிங்குக்குப் பணம் போடாதீர்கள்.

அடுத்தது, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது. ஆயில் மேலிருந்து கீழே வடியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு. எஞ்சினை டீகிரீஸரால் கழுவி, உலர்ந்ததும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓட்டினால் முதலில் கறுக்கும் இடம் தெரியும். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் உதவும். பின்பக்க சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிய பல கார்களில் உண்மையான குற்றவாளி, அதற்கு மேலே இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச்தான். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் உள்ள வளையம், பெட்ரோல் பம்ப் பேக்கிங், பக்கவாட்டு டேப்பட் கவர் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். கியர் ஆயில் கந்தக வாடை அடிக்கும். எஞ்சின் ஆயிலோடு அதைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

எஞ்சினின் தலையை (ஹெட்) மூடும் மேல் டேப்பட் கவரில்தான் பொருள்களின் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. தகட்டால் ஆன கவருக்கு இன்றும் கார்க் பேக்கிங்தான் என் தேர்வு. நெளிவு சுளிவுகளுக்கு அது வளைந்து கொடுக்கும். குறை என்னவென்றால் சூட்டில் காய்ந்து சுருங்கி, வெடிக்கும். நாள்பட்டுக் கிடந்த கார்க் துளைகளுக்குப் பொருந்தாமல் சிறுத்திருந்தால், ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்தால் அளவுக்கு வரும். கவர் பக்கம் மட்டும் கேஸ்கெட் பசை தடவி ஒட்டுங்கள். ஹெட் பக்கம் மெல்லிய கிரீஸ் போதும், அடுத்த முறை வால்வ் இடைவெளி பார்க்கக் கழற்றும்போது கிழியாமல் வரும். இறுக்கம்தான் முக்கியம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) ஏ-சீரிஸ் எஞ்சினின் கவர் நட்டுக்கு ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர்தான். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் திருப்பும் பலம் அது. கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் நட்டின் கீழ் தகடு குழிந்து, இரண்டு நட்டுக்கு நடுவில் மேலெழும். கசிவு அதிகமாகும். அப்படிக் குழிந்த கவரை மரக்கட்டையின் மேல் வைத்து, சுத்தியால் மெதுவாகத் தட்டி நேராக்கிய பிறகே புதுப் பேக்கிங். பழையதைச் சுரண்டும்போது நனைத்துச் சுரண்டுங்கள். அக்காலப் பேக்கிங்குகளிலும் சீல்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்.

சிலிகான் ரப்பர் பேக்கிங் விலை கூடுதல். அலுமினிய வார்ப்புக் கவரில் போட்டால் விலைக்கு நியாயம் செய்கிறது. பலமுறை கழற்றி மாட்டலாம், சூட்டில் இறுகுவதும் இல்லை. தகட்டுக் கவரிலோ இறுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கி நழுவும். இரண்டு பரப்பும் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். இதன் மேல் சிலிகான் பேஸ்ட் தடவுவது வீண் வேலை மட்டுமல்ல, பேஸ்ட் ஈரமாக இருக்கும்வரை வழுக்கிப் பேக்கிங்கை வெளியே தள்ளும். கார்க்குக்கும் இதே கதைதான். கார்க்கும் ரப்பரும் கலந்த வகை நடுத்தரம்: சுருங்குவது குறைவு, பிதுங்குவதும் குறைவு. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அதைத்தான் பரிந்துரைப்பேன்.

சம்ப் கழற்ற, காரை ஜாக்கியில் விட்டுவிட்டு அடியில் நுழையக் கூடாது. சமதளத்தில் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். சம்ப் விளிம்பையும் மேற்சொன்னபடி தட்டி நேராக்கி, இரும்பு ஸ்கேலை வைத்து இடைவெளி பாருங்கள். பக்கப் பேக்கிங்கும் முனையிலுள்ள அரைவட்ட சீலும் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் சிலிகான் பேஸ்ட், பட்டாணி அளவு. சுற்றிலும் தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே பிதுங்கிய பகுதி பிய்ந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் பேரிங்கை இழப்பீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து முனை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். பேஸ்ட் முழுதாக இறுக 24 மணி நேரம் விட்டு ஆயில் ஊற்றலாம். வடிகால் போல்ட்டின் செம்பு வாஷரை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் மீண்டும் மிருதுவாகும். தண்ணீரில் போட்டாலும் தானாக ஆறவிட்டாலும் பலன் ஒன்றுதான்.

எஞ்சினின் முன்பக்கம் டைமிங் செயினை மூடும் டைமிங் கவரின் சீலை மாற்றியும் கசிந்தால் புல்லியின் கழுத்தை நகத்தால் தடவுங்கள். பழைய சீல் அறுத்த பள்ளம் தட்டுப்படும். புது சீலை 1 அல்லது 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம், இடமில்லையென்றால் கழுத்தின் மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். ஸ்லீவ் நன்றாகவே உழைக்கிறது. சீலின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். கவர் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, புல்லியை ஏற்றி, கவர் தானாக மையத்துக்கு வந்த பிறகு இறுக்குவதே முறை. இதைத் தவறவிட்டால் சீல் ஒருபக்கமாகத் தேய்ந்து சீக்கிரம் போய்விடும்.

பின்பக்கம்தான் பெரிய வேலை. அதைத் தொடுமுன் உங்கள் எஞ்சினில் சீல் என்று ஒன்று உண்டா என்று பாருங்கள். மாரிஸ் மைனரின் ஏ-சீரிஸ், தொடக்ககால எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் மூன்று பேரிங் பி-சீரிஸ் போன்றவற்றில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட்டில் வெட்டிய எதிர்மரை சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நிறுத்தியதும் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. பின்புறம் தாழ்ந்த சரிவில் நிறுத்தினால் இன்னும் கூடும். இங்கே ப்ரீதரைச் சரிசெய்வதே பாதி மருத்துவம். கயிறு சீல் உள்ள எஞ்சினில் புதுக் கயிற்றை ஆயிலில் ஊறவைத்து, உருண்டைக் கம்பியால் பள்ளத்தில் அழுத்தி உருட்டி, முனைகளைக் கூர்மையான பிளேடால் அறுக்க வேண்டும். ஒரு நூல் வெளியே தொங்கினாலும் இரு பாதிகள் மூடும் இடத்தில் சிக்கிக் கசியும். கிளட்ச் நழுவத் தொடங்கிவிட்டால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயில் குடித்த தட்டைக் கழுவிப் போட்டால் நிலைக்காது.

கசிவு நிறுத்தும் திரவங்கள் ரப்பரை ஊதவைத்துத்தான் வேலை செய்கின்றன. கார்க், காகிதம், கயிறு எதிலும் அவற்றால் பயனில்லை. காய்ந்த ரப்பர் சீலில் கொஞ்ச காலம் தாங்கும், பிறகு ரப்பர் கொழகொழவென்றாகும். எஞ்சினுக்குச் சொல்லப்பட்டது 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் என்றால் அதையே ஊற்றுங்கள். மெல்லிய ஆயிலுக்கு மாறியதும் கசிவு கூடினால் ஆச்சரியமில்லை: பழைய களிம்பு கரைந்து, அது அடைத்து வைத்திருந்த சந்துகள் திறந்திருக்கும்.

வேலை முடிந்து சில நாள் ஓட்டியதும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கார்க் அமர்ந்த அளவுக்கு நட்டுகளை ஒருமுறை அதே டார்க்குக்கு (முன்பு சொன்ன இறுக்க அளவுக்கு) மட்டும் சரிபாருங்கள். அதற்கு மேல் ஸ்பேனரைத் தொட வேண்டாம்.