பளபளத்த பித்தளையை நம்பி 160 டாலர் போச்சு

ரைபிள் தோட்டாவைச் சொந்தமாக நிரப்பிச் சுடுகிற நம்மாட்கள் டெக்சஸில் ஓரளவு இருக்கிறார்கள். வாரக் கடைசி கன் ஷோவில், அதாவது துப்பாக்கிச் சந்தையில், மேசை போட்டு, சுட்டு மிஞ்சிய உறைகளை (தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகளை) விற்பவர்களிடம் வாங்கும் பழக்கம் இருந்தால், அடுத்த சந்தைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா வகைக்கான 500 உறைகள். ராணுவச் சரக்கு, அடியில் அமெரிக்க ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் லேக் சிட்டி ஆலையின் எல்சி முத்திரை. "ஒருமுறை மட்டுமே சுட்டது" என்று விற்றவர் அட்டையில் எழுதி வைத்திருந்தார். பழைய பிரைமரை (உறையின் அடியில் பொருந்தி மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியை) தட்டி எடுத்து, கழுவி, தங்கக் காசு மாதிரி பளபளவென்று பைகளில் கட்டியிருந்தார். உங்கள் வேலையையும் நானே முடித்துத் தருகிறேன் என்றார். நானும் சந்தோஷமாக 160 டாலரை எடுத்துக் கொடுத்தேன். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் அம்மா ஒவ்வொரு குடத்துக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் விலையே கேட்பார். அந்த வயிற்றில் பிறந்தவன் ஒரு உறைக்குள்ளும் எட்டிப் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

அந்தச் சுத்தம்தான் ஏமாற்றே. அது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

முதல் 50 உறைகளை நிரப்பும்போதே இரண்டு மூன்றில் பிரைமர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் விரலால் தள்ளினதுபோல் உள்ளே போனது. ஒருமுறை சுட்ட உறையில் பிரைமர் உட்காரும் குழி அப்படித் தளராது. அவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மைதானத்தில் பதினோராவது தோட்டா வெடித்தபோது சத்தத்தில் வித்தியாசம் இல்லை, ஆனால் தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் பக்கமிருந்து புகை முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன். போல்ட்டை இழுத்தால் அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு பித்தளைத் துண்டு, அடிப்பாகம் மட்டும், வெளியே வருகிறது. உறையின் மீதி அறைக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது.

இது ஏன் நடக்கிறது? வெடிக்கும்போது உறையின் முன்பாகம் அறைச் சுவரைக் கவ்விக்கொள்ளும். அடிப்பாகம் மட்டும் பின்னால் போல்ட் வரை தள்ளப்படும். நடுவில் மாட்டிய இடம், கெட்டியான அடிக்குச் சற்று மேலே, இழுபட்டு மெலியும். அப்புறம் நாம் டை என்ற அச்சில் உறையை அமுக்கித் தோள்பட்டையை, அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை, பின்னுக்குத் தள்ளுகிறோம். மறுபடி சுட்டால் மறுபடி இழுபடும். நாலைந்து தடவையில் அந்த இடம் காகிதம்போல் ஆகிவிடும். இயந்திரத் துப்பாக்கியில் சுட்டதென்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் அறை தாராளமாக இருப்பதால் முதல் சூட்டிலேயே நிறைய நீண்டுவிடும்.

வீட்டுக்கு வந்து ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையைக் கொக்கிபோல் மடக்கி, ஒவ்வொரு உறைக்குள்ளும் விட்டு உள்சுவரைக் கீழிருந்து மேலே வருடினேன். நல்ல உறையில் முனை வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்ததில் ஒரு பள்ளத்தில் 'டக்'கென்று மாட்டும். சுடாமல் மிச்சமிருந்தவற்றைக்கூடக் குண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மொத்தம் 63 மாட்டின. வெளிப்பக்கம் அதே இடத்தில் மெல்லிய வெளிர் வளையம் தெரிய வேண்டும். தேய்த்த பளபளப்பில் அது அப்படியே கரைந்து போயிருந்தது.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் மேலும் கதை வெளியே வந்தது. உறைகளின் வாய் உள்ளும் புறமும் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. ஆலையிலிருந்து அப்படி வராது. யாரோ நீளம் வெட்டி மறுபடி நிரப்பிய அடையாளம் அது. ராணுவ உறையில் பிரைமரைச் சுற்றி ஒரு வளையமாக அமுக்கிப் பூட்டியிருப்பார்கள். பிரைமர் இருந்த இடத்திலேயே இருந்தால் அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியும், ஒருமுறை சுட்டதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அவர் அதையும் நீக்கித்தான் விற்றார். கழுத்தைச் சூடுகாட்டிப் பதப்படுத்திய நீலப்பழுப்புக் கறை ராணுவ உறையில் இருப்பது வழக்கம். பலர் அதைக் குறை என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். என் பையில் ஒன்றில்கூட அது இல்லை. அடியில் முத்திரையைப் பார்த்தால் ஆறு வேறு ஆண்டுகள். எல்லாம் ஒரே லாட், ஒரே தொகுப்பில் செய்தது என்று அவர் சொன்னதும் பொய்.

இன்னும் 9 உறைகளில் கழுத்தில் மயிரிழைக் கீறல். பலமுறை சுட்டு அமுக்கினாலே பித்தளை இறுகி இப்படி விரிசல் விடும். அமோனியா கலந்த பாலிஷ் போட்டாலும் விரிசல் விடும். இதற்கு நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் தானாகவே பிளந்தன. நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம் கொண்ட அதே பித்தளை. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. பாத்திரம் துலக்கும் பாலிஷை உறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

அடுத்த மாதம் அதே சந்தையில் அவரைப் பிடித்தேன். உடைந்த துண்டைக் காட்டினேன். விற்றது விற்றதுதான், சுடும் மைதானத்தில் காலி உறை போடும் தொட்டிகளிலிருந்து பொறுக்கி வருகிறேன், எத்தனை தடவை சுட்டது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். "அட்டையில் எழுதியிருந்ததே?" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் அதே பளபளப்பில் ஒரு வாளி நிறைய இருந்தது.

இனி நான் பிரைமர் உள்ளேயே இருக்கும், கழுவாத, கரி படிந்த உறைகளைத்தான் வாங்குவேன். கழுவிவிட்டேனே என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நகர்ந்துவிடுவேன். கையில் எப்போதும் வளைத்த கிளிப் ஒன்று. பையைப் பிரித்து நடுவிலிருந்து பத்து உறை எடுத்து வருட விடாதவரிடம் பேச்சே இல்லை. ராணுவ உறையின் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு என்பதையும் மறந்துவிடாதீர்கள். சாதா உறைக்குப் பழகிய மருந்து அளவை அப்படியே அதில் போட்டால் அழுத்தம் ஏறும்.

கிளிப் மாட்டாத மிச்ச உறைகளை வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர் கேட்டார். வரலாறு தெரியாத உறையை இன்னொரு முறை முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கவைக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொன்றின் வாயையும் குறடால் நசுக்கினேன். இல்லாவிட்டால் அதுவும் ஏதோ ஒரு மேசையில் மறுபடி பளபளக்கும். பழைய பித்தளை எடுக்கிறவர் தராசில் போட்டார், கிட்டத்தட்ட 13 பவுண்டு. 23 டாலர் கொடுத்தார்.